கிழக்கே கடல்

இஷாவுக்குப் பிறகு மேசையில் மூன்று கணக்கு.
ஜெஸீலுடையது தோஹாவில்,
என்னுடையது நிந்தவூர்க் கிளையில்,
நுஸ்ஹாவுடையது உண்டியல் படம் போட்ட
சிறுவர் சேமிப்புப் புத்தகம்.

அவர் போனில் வாசிக்கிறார்,
நான் கொப்பியில் எழுதுகிறேன்.
நில அளவைக் கந்தோரில் பதினாறு வருடம்
எல்லை கீறிய கை இது,
கோடு கீறாமல் எதையும் நம்பாது.

முதலில் கூரை.
ஓடு, மரம், கூலி, மழைக்கு முன்.
"கார்த்திகை வரைக்கும் அதையும் ஃபண்டில போடுவமா?"
வேணாம் என்றேன்.
ஒழுகும் வீட்டில் வாளி வைத்துக்கொண்டு
சந்தை ஏறட்டும் என்று யார் காத்திருப்பது?
அந்தக் காசு காசாகவே கிடக்கட்டும்.

ஹஜ்ஜுக்கு ஏழு வருடம். அதற்கு ஸுகூக் ஃபண்ட்.
வயது போன மாடு,
வண்டியைக் குடைசாய்க்காது.

நுஸ்ஹாவுக்கு ஒன்பது வயது.
இருபது வருடம் தொடாத பணம் என்றால்
உலகச் சந்தை முழுவதையும் வாங்கும் ஈ.டி.எஃப்,
வட்டிக் கம்பனியும் சாராயக் கம்பனியும் கழித்தது.
ஒரே வட்டையில் எல்லா வரவையும் வைத்தவன்
ஒரு வெள்ளத்தில் படுத்துவிடுவான்.
இது ஆயிரம் வட்டையில் ஒவ்வொரு பிடி விதை.

அப்படி இரண்டு இருந்தன, ஏறக்குறைய ஒன்றே.
ஒன்றின் வருடக் கட்டணம் நூறு ரூபாய்க்கு இருபத்தைந்து சதம்,
மற்றது எழுபது.
"அரை ரூபாயும் இல்லையே" என்றார்.

வாப்பாவின் வயலில் முல்லைக்காரன்
மூடைக்கு ஒரு கொத்துத்தான் எடுத்தான்.
நல்ல மனிசன், சலாம் சொல்லாமல் போகமாட்டான்.
இருபது போகத்தில் அவன் கல்வீடு கட்டினான்.
இருபத்தைந்தை வட்டமிட்டேன்.

லாபத்தைக் கையில் தருவதா, உள்ளேயே விதைப்பதா?
உள்ளேயே.
ஆகாத துளியை மட்டும் வருடாவருடம் கணக்குப் பார்த்து
ஏழைக்குக் கொடுத்துவிடுவது.

"ஆற்ற பேர்ல வாங்குற?"
"என்ட பேர்லதான். புள்ளைக்குக் கணக்குத் திறக்க ஏலாது."
"நீங்க மௌத்தானா அது எல்லாருக்கும் பங்காகுமே."
அந்தப் பக்கம் ஏசியின் சத்தம் மட்டும் கேட்டது.
பிறகு மெதுவாக,
"ஹிபா எழுதுவம்."

இல்யாஸ் காக்காவுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள்.
மோட்டார் சைக்கிளை நிறுத்தவும் இல்லை,
வாசலில் உறுமிக்கொண்டே நின்றது.
"வூடு இல்லாத குமர எவன் முடிப்பான்?
பேசாம காணியப் புடி. காணி ஓடாது, தங்கச்சி."

நான் பேசவில்லை.
போன மாசம் ஒலுவில் பக்கம் அளந்து வந்த
ஒரு துண்டு என் மேசைக்கு வந்தது.
உறுதியில் இருபது பேர்ச்,
நிலத்தில் பதின்மூன்று.
கிழக்கே கடல் என்று எழுதியிருந்த எல்லை
அப்படியே சரியாக இருந்தது.
கடல்தான் மேற்கே வந்திருந்தது.

மூன்றாம் மாசம் எல்லாம் சிவப்பு.
இரவு இரண்டு மணிக்கு ஜெஸீல்.
"வித்துடுவமா?"
"அது கூரைக் காசா?"
"இல்ல."
"ஹஜ்ஜுக் காசா?"
"இல்ல."
"அப்ப படுங்க."
அவர் படுத்திருப்பார்.
நான்தான் சுபஹு வரை விழித்திருந்தேன்.

காலையில் நுஸ்ஹா கொப்பியைத் திறந்து
மாசாமாசம் நான் கீறும் கோட்டில் விரல் வைத்தாள்,
ஏறி, கொஞ்சம் ஏறி, தொபுக்கென்று விழும் இடம் வரை.
"இதா உம்மா எனக்குக் கட்டுற வூடு?"
"ஓம்."
"கதவு எங்க?"

புதுக்கூரையின் ஓட்டில்
காகம் நடக்கும் சத்தம்.
எத்தனையோ பேரின் வாசலையும் வேலியையும் கீறியவள்,
பென்சிலைக் கையில் பிடித்துக்கொண்டு
அப்படியே இருந்தேன்.