உறவுமுறை

பதிவேட்டில் நாலாவது கட்டம் அது.
பெயர், வயது, ஊர்,
அப்புறம்: உடன் வந்தவர் உறவுமுறை.
பேனா அங்கே வந்து நிற்கும்போதெல்லாம்
நான் ஒரு பொய் சொல்வேன்.

தொண்டி சித்தி ரஹ்மத்துக்குப் பெரியம்மா ஆனேன்.
பொட்டும் மஞ்சள் கயிறுமாய் நின்றவளை
ஏற இறங்கப் பார்த்துவிட்டு
எழுதிக்கொண்டார் சிஸ்டர்.
தங்கச்சிமடம் ஜெசிந்தாவுக்கு நாத்தனார்.
அவள் புருஷனோடு பிறந்த அஞ்சு பேரும் ஆண்கள்.

நேற்று ராத்திரி நிரோஜினி.
மண்டபம் முகாமில் பிறந்து
முகாமிலேயே வாக்கப்பட்டவள்.
புருஷன் பெயிண்ட் அடிக்கத் திருப்பூருக்குப் போயிருந்தான்.
"நீங்க யாரு இவளுக்கு?"
"அத்தை."
"பேச்சு அப்படித் தெரியலையே."
நல்ல காது அந்த சிஸ்டருக்கு.

நான் பாசிக்காரி.
சின்னப்பாலத்தில் வள்ளமேறி
தீவோரம் முங்கி
மரிக்கொழுந்துப் பாசி பறிக்கிறவள்.
பார் கிழிக்காமலிருக்க
பத்து விரலிலும் துணி சுற்றிக்கொள்வோம்.
பிரசவத் துணைக்கென்று
எங்களைக் கூட்டி நாலு நாள் பயிற்சி வைத்தார்கள்.
மூச்சைப் பற்றி டாக்டரம்மா பேச ஆரம்பித்ததும்
பின் வரிசையில் சிரிப்பு.
தண்ணிக்குள்ளே பயந்தவளுக்கு
மூச்சு சீக்கிரம் தீரும் என்று
நாங்கள்தான் அவருக்குச் சொன்னோம்.
எழுதிக்கொண்டார்.

இருபது கட்டில். இரண்டு சிஸ்டர்.
கத்துகிறவளுக்கு அதட்டல்,
கத்தாதவளுக்கு அதுவும் இல்லை.
"இப்ப விடு. மெதுவா. இன்னும் இருக்கு, விடு."
"ஏலாது அக்கா."
"அத்தைன்னு கூப்பிடு" என்றேன் காதோடு.
வலிக்கு நடுவே சிரித்துவிட்டாள்.
அந்தச் சிரிப்பிலேயே ஒரு வலி கடந்துபோனது.

ரெண்டு மணிக்குச் சொன்னாள்,
கண்ணுக்குள்ளே பூச்சி பறக்குது,
தலை பிளக்குது என்று.
கவரிங் மோதிரம் விரலில் புதைந்திருந்தது.
சிஸ்டரிடம் போனேன்.
"பிள்ளை பெறுறதுன்னா வலிக்கத்தான் செய்யும்மா.
போய் உக்காரு."

நான் உட்காரவில்லை.

ஒன்பது வருஷம் முன்னால் என் தம்பி பெண்டாட்டி
சேதுராக்கும் இதையேதான் சொன்னாளாம்.
நாங்கள் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தோம்,
கையில் பிளாஸ்கும் பழைய சேலையுமாய்.
பூச்சி பறக்குது, பூச்சி பறக்குது என்றாளாம்.
பக்கத்துக் கட்டில்காரி
பதினாறாம் நாள் வந்து சொல்லிவிட்டு அழுதாள்.

"அந்த மிஷினை ஒரு தரம் கையில சுத்திப் பாருங்க சிஸ்டர்.
ஒண்ணுமில்லேன்னா
எவ்வளவு வேணாலும் திட்டுங்க."

மேலே நூற்று எழுபது.
கீழே நூற்றுப் பதினைந்து.
சிஸ்டர் என்னைப் பார்க்கவில்லை. ஓடினார்.
சாயங்காலத்திலிருந்து நின்ற கால்கள்
அப்படி ஓடும் என்று நினைக்கவில்லை.
ஊசி, டியூப், தள்ளுவண்டி.
தியேட்டர் வாசலில்
நிரோஜினியின் விரல்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்து
என் கையிலிருந்து எடுத்தார்கள்.

பெண். ஒன்றே முக்கால் கிலோ.
கண்ணாடிப் பெட்டிக்குள்
கோபத்தோடு மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாள்.
தாய் தூங்குகிறாள்.
நான் அவள் நெஞ்சு ஏறுவதையும் இறங்குவதையும்
நூறு வரை எண்ணிவிட்டு
திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினேன்.

பொழுது விடிய
பதிவேட்டோடு வந்தார் சிஸ்டர்.
"உண்மையைச் சொல்லு. யாரு நீ?"
"பாசி பறிக்கிறவ, சிஸ்டர்."
"அது தொழிலு. நான் முறை கேட்டேன்."
என்னிடம் பதில் இல்லை.
பேனா கொஞ்ச நேரம் காற்றில் நின்றது.
அத்தை என்பதை அவர் அடிக்கவில்லை.

பாம்பன் பாலத்தில் பஸ் ஏறும்போது
வள்ளங்கள் போய்விட்டிருந்தன.
இன்றைக்குப் பாசிக் காசு இல்லை.
ஜன்னல் வழியே வந்த உப்புக்காற்றில்
புறங்கை எரிந்தது:
நாலு நகத்தடம்,
பார் கிழித்ததைவிட ஆழமாய்.

மடியில் போன் அடிக்கிறது.
ஏர்வாடி நம்பர். எட்டாம் மாசமாம்,
வீட்டில் துணைக்கு யாருமில்லையாம்.
தேதியைக் கேட்டுக்கொண்டேன்.
இவளுக்கு என்ன முறை வைக்கலாம் என்று
இறங்குவதற்குள் யோசிக்க வேண்டும்.