சின்னப் பெட்டி

கீழக்கரைக் கடையில் மீரான்கனி
டாக்கும் ஆம்பும் சேர்ந்த பெட்டிகள் இரண்டை
மேசையில் வைத்தார்.
ஒன்று கருப்பட்டி வட்டு அளவு.
மற்றது அதைவிடச் சின்னது, ஆயிரத்தைந்நூறு கூட.

"என்ன பாட்டுப் போட?"
பாட்டு வேண்டாம்.
சென்ற ஆடியில் தொண்டிக் கரையில்
போனில் பிடித்த காற்று இருக்கிறது.

முதல் பெட்டியில் கடல் பெரிது.
பாஸ் அதிர்ந்து காது நிறைந்தது.
வாங்கிவிடலாம் போலிருந்தது.

இரண்டாவதில் கடல் கொஞ்சம் தள்ளி நின்றது.
அந்தச் சந்தில்
ஐஸ் கம்பெனி மோட்டார்,
வல்லத்துக் கயிற்றின் முனகல்,
பிறகு, காதுக்கு வெகு அருகில்,
ஜெசிந்தா
மூச்சை இழுத்துச் சொல்ல வந்து
சொல்லாமல் விட்டது.

அன்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"உப்புக் காத்துக்கு எதுவானாலும்
ரெண்டு வருசந்தான்," என்றார்.

சின்னதைக் கட்டச் சொன்னேன்.
மறுபடி ஒருமுறை போடட்டுமா என்று கேட்டார்.