நாலாவது முறை

இரண்டே கால். மூன்று பத்து.
கொளத்தூர் இரண்டாம் மாடியில்
என் கடிகாரம் இப்போது அடிவயிற்றில்.

சத்தம் கேட்டால் வரும் என்று
குழாயைத் திறக்கிறேன்.
லாரித் தண்ணீர். மூடிவிடுகிறேன்.

ஆறு மணிக்கு மேல் டீ கிடையாது.
ரத்னாபாய் ஜன்னல் கம்பியோரம்
பரங்கி விதை காயவைக்கிறாள்.
பாதி அணிலுக்கு.
"அதாவது நிம்மதியாப் போகட்டும்" என்கிறாள்.

பத்தொன்பது வருஷம்
இருபத்தொன்பது சி ஓட்டினேன்.
பெரம்பூர் முதல் பெசன்ட் நகர் வரை
அடக்கினேன், அடக்கினேன்.
இன்று போகச் சொன்னால்
சிக்னல் விழுந்தும் நகராத வண்டி.

"எவ்வளவு நாளா?"
ஸ்டான்லியில் டாக்டர் கேட்டபோது
அவள்தான் பதில் சொன்னாள்,
தேதியோடு.

நாலாவது முறை திரும்புகிறேன்.
தூங்குவதுபோல் கிடக்கிறாள்.
கட்டிலடியில் நான் விடும் செருப்பு
காலையில் எப்போதும்
கழிவறை பார்த்தே இருக்கிறது.