பார்க்க ஒன்றுமில்லை

கடலுக்குத் தோதாக
நீலச் சேலை எடுத்து வந்திருந்தேன்.
கோலசிலாங்கூரில் அது
பால் கூடிப்போன தேத்தண்ணீர் நிறத்தில்
சேற்றோடு கிடந்தது.

ஞானசேகர் வேன் ஓட்டினார்.
செம்பனை, செம்பனை, ஒரு பெட்ரோல் நிலையம்,
மறுபடி செம்பனை.
"பார்க்க ஒன்றுமில்லை இங்கே" என்றார்
எல்லாவற்றையும் காட்டிக்கொண்டே.

மங்களேஸ்வரி அவரிடம் நேராகப் பேசுவதில்லை.
"பசியாறிட்டாரான்னு கேளுங்க" என்பாள் என்னிடம்.
கேட்பேன்.
"ஆச்சு" என்பார் உன்னிடம்.
உப்பு, வேன் சாவி, தண்ணீர்க் கட்டண ரசீது
எல்லாம் நம் வழியாகவே போய் வந்தன.
இரவில் பலகைச் சுவருக்கு அப்பால்
மின்விசிறி மட்டும் பேசியது.

மூன்றாம் நாள் மின்மினி பார்க்கப் படகேறினோம்.
நடு ஆற்றில் மழை.
ஒன்றுகூட மினுங்கவில்லை.
கும்மிருட்டு, நனைந்த பலகை வாசம்.
யாரோ முதலில் சிரித்தார்கள்.
"நீங்கதானே இன்னைக்கே போவோம்னீங்க"
என்றாள் அவள்,
என் மடிக்குக் குறுக்கே குனிந்து,
நேராக அவரிடம்.
"மழைக்கு நானா பொறுப்பு?"
கரை சேரும்வரை சண்டை.
நீயும் நானும் மூச்சு விடவில்லை.

ஊர் வந்து மூன்று வாரம்.
படம் எங்கே என்று கேட்கிறார்கள்.
அந்த இரவில் எடுத்தது ஒன்றுதான்:
முழுக்கக் கறுப்பு,
ஓரத்தில் யாருடையதோ ஒரு முழங்கை.
அழித்துவிடு என்று
நீ இன்னும் சொல்லவில்லை.