மூன்று மணி இடி

விண்ணப்பத்தில் ஏழாவது கேள்வி:
இதற்கு முன் எங்களிடம் வேலை பார்த்ததுண்டா?
உண்டு என்று ஒரு கட்டம். இல்லை என்று ஒரு கட்டம்.
கீழே "ஏன் விலகினீர்கள்" என்று அரை வரி இடம்.
அந்த அரை வரியில்தான் மூன்று வருடம் அடங்க வேண்டும்.

ஒன்பது கோடை பழைய முதலையில் நின்றேன்.
மரத்தால் கட்டிய ரோலர் கோஸ்டர்,
ஃப்ளோரிடா வெயிலில் தார் மணக்கும்.
மடிக்கம்பியை இழுத்துப் பார்த்து
கட்டைவிரலை உயர்த்தி
பச்சைப் பொத்தானை அமுக்குவேன்.
ஒரு நாளைக்கு நானூறு தடவை
ஆட்களை அலற அனுப்பிவிட்டு அங்கேயே நிற்பேன்.
போன அலறல் சிரிப்பாகத் திரும்பி வரும்.
சிலருக்கு வாந்தியாக.
அதற்கென்று ஒரு வாளி மரத்தூள் உண்டு.

பிறகு ஒரு ஜூலை நான்கு.
வரிசை கழிப்பறையைத் தாண்டி வளைந்திருந்தது.
ஹெட்செட்டைக் கழற்றிப் பலகைமேல் வைத்தேன்,
யாரிடமும் சொல்லாமல் நடந்தேன்.
டாம்பாவில் டுவைட் காத்திருந்தான்.
படகுத் தொழில் என்றான்.
படகு இருந்தது.

ரயில் காலியாக நின்றது,
ஒருவரும் ஏறியிருக்கவில்லை,
அதைப் பார்த்துவிட்டுத்தான் போனேன்.
இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மேசைக்கு அப்பால் ஒடெட்.
நகங்களில் குட்டிக் குட்டி அன்னாசிப் பழங்கள்.
நான் போன பிறகு வந்தவள்.
"உங்களைக் கணினி மஞ்சளில் காட்டுகிறது, மிஸ் டீக்."
மஞ்சள் என்றால்?
"சிவப்பு இல்லை."
அதற்குமேல் அவளுக்கும் தெரியவில்லை, பாவம்.
என் பழைய பெயர்வில்லை கைப்பையில் இருந்தது.
ரோஸலின், ஒகாலா.
திருப்பித் தராததற்கு எட்டு டாலர் பிடித்திருந்தார்கள்,
ஆகவே அது என் சொந்தச் சொத்து.
எடுத்துக் காட்டலாமா என்று நினைத்தேன். காட்டவில்லை.

சென்ற மாதம் காரிலேயே தூங்கினேன் என்பதையும் சொல்லவில்லை.
"குழுவாக வேலை செய்யப் பிடிக்குமா?" என்றாள்.
மிகவும் பிடிக்கும் என்றேன்.

சரியாக மூன்று மணிக்கு இடித்தது.
இந்த ஊர் வானத்துக்கு ஷிப்ட் தவறியதே இல்லை.
வண்டி நிறுத்தத்தில் இரண்டு கொக்குகள்
யாரோ முதலாளிகள்போல் அவசரமில்லாமல் நடந்தன.
ஜன்னலுக்கு வெளியே கம்பத்து ஒலிபெருக்கி கரகரத்தது:

*அன்பான விருந்தினர்களே, மின்னல் காரணமாகப்
பழைய முதலை சற்று ஓய்வெடுக்கிறது.
விரைவில் திறப்போம்.
தயவுசெய்து வரிசையை விட்டு விலகாதீர்கள்.*

என் குரல்.

பதினோரு தடவை பதிவு செய்தோம்.
"சிரித்துக்கொண்டே சொல், சிரிப்பு காதில் விழும்"
என்றான் ஒலிப்பதிவுக்காரன்.
கூலி ஒரு ஹாட் டாக் கூப்பன், வெங்காயம் தனிக் காசு.
நான் ஓடிப்போன அன்று மாலையும்
அது அங்கேயே நின்று பேசியிருக்கிறது.
ஒரு நாள்கூட விடுப்பில்லை,
ஒரு நிமிடம் தாமதமில்லை.

"அது நான்தான்" என்றேன்.
எது?
ஜன்னலைக் காட்டினேன்.
ஒடெட் கேட்டாள். என்னைப் பார்த்தாள்.
மறுபடி கேட்டாள்.
"தினமும் இதைக் கேட்கிறேன்,
இயந்திரம் என்றல்லவா நினைத்தேன்."
திரையில் எதையோ தேடினாள்.
குரலுக்கு ஊழியர் எண் இல்லை.
"இருங்கள், ஒருவரைக் கேட்டு வருகிறேன்."

கதவு சாத்திக்கொண்டது.
மழை இறங்கியது, கொக்குகள் நனைந்தன.
ஒலிபெருக்கியில் மறுபடி அந்தப் பெண்
சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள்.

நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.
மடியில் கைப்பை.
அதன் வாரைப் பழக்கத்தில்
ஒருமுறை இழுத்துப் பார்த்தேன்.