பாகைமானி

மகனின் கணிதப் பெட்டியிலிருந்து
பாகைமானியைக் கொண்டுவந்திருந்தேன்.
சுங்கத்தில் இதற்கென்று கருவி இல்லை.

யானைத் தந்தத்தின் வெட்டுமுகத்தில்
குறுக்கும் மறுக்குமாய்க் கோடுகள் ஓடும்.
கோணம் விரிந்திருந்தால் இன்றைய யானை:
வழக்கு, தண்டம், நீதிமன்றத் தவணை.
குறுகியிருந்தால் பனிக்குள் புதைந்த மாமூத்.
அழிந்து முடிந்ததைக் காக்கச்
சட்டத்தில் பிரிவு இல்லை.
வால்ரஸ் என்றால்
நடுவில் கஞ்சி உறைந்ததுபோல் இருக்குமாம்.

கப்பல் சமையற்காரன் எர்மோலாய்
நாற்காலி நுனியில்.
சீனக்குடா மாவாலைக்குக்
கோதுமை இறக்க வந்த கப்பல்.
உடைந்த கொக்கியை நகைக்கடையில் ஒட்டவைக்கக்
கொண்டுவந்து வாசலில் பிடிபட்டான்.
காலுறைக்குள்ளிருந்து எடுத்து வைத்தது
என் உள்ளங்கை அளவு புனிதர்.
நிக்கொலா, கடலோடிகளின் காவல்.
தாடியில் மயிர் மயிராகச் செதுக்கியிருக்கிறது.
மூக்கு மட்டும் இல்லை.
ஐந்து தலைமுறை முத்தமிட்டுத் தேய்ந்தது என்று
கிண்ணியா நஸ்மி மொழிபெயர்த்தான்;
மொஸ்கோவுக்கு மருத்துவம் படிக்கப் போய்க்
குளிருக்குத் திரும்பி வந்தவன்.

வெள்ளைக் கடலில் விழும் ஆற்றங்கரையில்
பாட்டனின் தகப்பன் செதுக்கினானாம்.
நாலு மணித்தியாலப் பகல்.
மிச்சத்துக்கு மீன்நெய் விளக்கு.
பொடி பறக்காதிருக்க
நனைத்து நனைத்து அராவினானாம்.
கோயில்களைப் பூட்டிய காலத்தில்
புனிதர் மாப்பீப்பாய்க்குள் இருந்தார்.
மாமூத் தந்தம் என்றுதான்
குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும்.

பின்பக்கம் திருப்பிக் கைவில்லையை வைத்தேன்.
கோடே இல்லை.
பாகைமானிக்கு வேலை இல்லை.
பென்சில் முனையால் குத்தியதுபோல்
சிறு சிறு கரும்புள்ளிகள்,
இரத்தம் போய்வந்த வழி.

"மாடு" என்றேன்.

நஸ்மி உடனே சொல்லவில்லை.
யன்னலுக்கு வெளியே
கோட்டையிலிருந்து இறங்கி வந்த மான் ஒன்று
யாரோ எறிந்த சோற்றுப் பார்சலின் தாளை
மென்றுகொண்டிருந்தது.

அந்தச் சொல்லை
வேறொரு தாளிலும் பார்த்திருக்கிறேன்.
பாழ்கிணற்றில் எடுத்ததைக் கொழும்புக்கு அனுப்பிப்
பதினான்கு மாதம் கழித்து வந்தது, இரண்டு வரி:
மனித எச்சம் அல்ல. மாடு.
அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
இன்னொருக்கால் வாசிக்கச் சொன்னா.
பிறகு, அரிசி ஊறினது போதும் என்று
எழும்பிப் போனா.
அண்ணனுக்கு இந்த ஐப்பசியோடு
நாற்பத்தொன்பது.

நஸ்மி சொல்லிவிட்டான் போல.
எர்மோலாயின் காது சிவந்தது.
வால்ரஸ் என்றாவது எழுதக் கூடாதா என்றான்.
பஞ்சத்தில் மூன்று மூடை மாவுக்குக் கேட்டும்
கொடுக்காத வீடு அது என்றான்.
மாடு என்றபடியால்தான் வழக்கில்லை,
இன்றைக்கே கொண்டுபோகலாம் என்று விளக்கினோம்.
கேட்டமாதிரித் தெரியவில்லை.

மூக்கில்லாத முகத்தைக்
கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு
மெதுவாக ஏதோ கேட்டான்.

"அவங்கட வீட்டுல அந்தக் காலம்
ஒரேயொரு மாடுதான் நின்டதாம்.
இது பசுவா, காளையா என்டு
பார்க்க ஏலுமா?"

கைவில்லையை மறுபடி எடுத்தேன்,
அதில் தெரியாது என்று தெரிந்தும்.