ஓரடி கூட

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச்
சுண்ணாம்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு
பூர்க்டோர்ஃப் மைதானத்தைச் சுற்றி வருவேன்.
நடுவட்டம், கோல் எல்லை, பெனால்டிப் பெட்டி.
கடைசியாக, மாற்று ஆட்டக்காரர் வாங்குக்கு முன்னால்
எர்மானோ பிரெஸ்ஸனீன் நிற்பதற்கு ஒரு பெட்டி.

நூற்றுப் பதினெட்டுக் கோல் அடித்த மனிதர்.
இரண்டாம் பிரிவில்தான் என்று
யாரும் கேட்காமலே சொல்லிவிடுவார்.
அதில் பாதி முழங்காலில், பிடரியில், ஒன்று மூக்கில்.
"பந்து விழப்போகிற இடத்தில்
வெட்கமில்லாமல் நில். வேறு வித்தை இல்லை"
என்பார், எங்கள் இருவரின் ஓட்டை ஜெர்மனில்.

பதினாறு வருசம் அவர் குடியிருந்தது
யாரும் கீறாத ஒரு கோட்டில்.
கடைசித் தடுப்பாளனின் மூச்சுக் கேட்கிற தூரம்.
அரையடி முந்தினால் கொடி எழும்பும்.
எழும்பிய கொடிகளில் இருபது பொய்யாம்.
இருபதுக்கும் தேதி சொல்வார்.

இப்போது கோட்டை நான் கீறுகிறேன்.
தாண்டினால் மஞ்சள் அட்டை.
கம்பளிக் கோட்டுக்குள் அறுபது வயது;
இடப்பக்கமிருந்து பந்து உயர்ந்து வந்தால்
கழுத்து தானாக எத்தும்.
உள்ளே வங்கிப் பயிலுனன் யானிக்
அதே பந்தை ரயில் பாதைக்கு அனுப்புவான்.

சோலோதூர்ன் அணி வந்த வாரம்
பெட்டியை ஓரடி கூட்டிக் கீறினேன்.
ஏனென்று கேட்காதீர்கள்.
முப்பதாம் நிமிடம் அவர் குனிந்து
தன் சப்பாத்தைப் பார்த்தார்.
பிறகு என்னை.
ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஓரடியிலேயே நின்றார்.

எல்லை நடுவர் வந்து காலால் அளந்தார்.
இருநூறு பிராங்க் தண்டம்.
"நான்தான் கீறச் சொன்னேன்" என்றார் எர்மானோ,
பொய்யாக, சத்தமாக, இத்தாலியனில்.
உடுப்பு மாற்றும் அறையில், வோஷிங் மெஷின் ஓட ஓட,
என் தோளில் தட்டினார்:
"இது மட்டும் சரியான ஒஃப்சைட்."

அந்த ஆட்டத்திலும் தோற்றோம்.
நவம்பரில் ஒரு திங்கள், தொலைபேசியில்
அவரை அனுப்பிவிட்டார்கள்.

இப்போது தூண் ஊர்ப் பொடியன் ஒருவன்,
மடியில் திரை வைத்துக்கொண்டு
தொண்ணூறு நிமிடமும் உட்கார்ந்திருக்கிறான்.
அவனுக்கும் பெட்டி கீறுகிறேன், அளவாக.

வெளியே அந்த ஓரடியில்
இரண்டு சப்பாத்து அகலத்துக்குப் புல் இல்லை.
விதை தூவிப் பார்த்தேன்.
குருவிகள் வந்தன.